சங்ககிரியில் திரும்பினால் பள்ளிபாளையம் சிக்கன்

சேலத்திலிருந்து கோவை போகும் வழியில், இரவுச் சாப்பாட்டுக்காகவே சங்ககிரியில் பைபாஸை விட்டு ஈரோடு ரோட்டில் திரும்பினோம். பள்ளிபாளையத்தில் ஒரு சின்ன மெஸ். சிக்கனில் மசாலாத் தூள் சேர்ப்பதில்லை. விதை உதிர்த்த வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பல்லு பல்லாக நறுக்கிய தேங்காய், அவ்வளவுதான். எண்ணெயில் வதங்கி ஓரம் சிவந்த அந்தத் தேங்காய்க்கு மகளும் மகனும் சண்டையே போட்டார்கள். மிளகாய் பார்க்கத்தான் மிரட்டுகிறது, காரம் அளவுதான். பரோட்டா மட்டும் ஆறிப்போய் ரப்பர் மாதிரி வந்தது. பேசாமல் தோசை சொல்லிவிடுங்கள். காரைத் தெருவோரம்தான் நிறுத்த வேண்டும். ஒன்பதரைக்கு மேல் போனால் சிக்கன் தீர்ந்துவிடுமாம், பக்கத்து மேசைக்காரர் சொன்னார். அப்புறம், கை கழுவுமிடத்தில் சோப்பு இல்லை.