மலையில் சொந்த நிலம், வங்கிக் கட்டுமானக் கடன்: வாங்கலாமா?

நீலகிரியில் கோத்தகிரி, குந்தா பக்கக் கிராமங்களில் வீடு கட்ட அரசு வங்கிக் கடனுக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தரலாம். தனியார் நிதி நிறுவனங்களைவிட வட்டி பொதுவாகக் குறைவு. அதுவும் வங்கி இதுவரை விடுவித்த தொகைக்கு மட்டும்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம் உச்சவரம்பு. கைக்கு வருவது பெரும்பாலும் அதற்கும் கீழே.

சிக்கலே எஸ்டிமேட்டில்தான். சமவெளிச் சதுர அடி விலையைப் போட்டுவிடுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மணல் ஏற்றும் லாரி வாடகை, ரோட்டிலிருந்து தலைச்சுமைக் கூலி, சரிவுக்குத் தடுப்புச் சுவர் எதுவும் அதில் இருக்காது. தடுப்புச் சுவரை மட்டுமாவது நீளம், உயரம், நீர்வடி குழாய் என்று தனியாக எழுத வையுங்கள். பிறகு சேர்ப்பது குதிரைக் கொம்பு.

அடித்தளம், லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்), கான்கிரீட் தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாகத்தான் பணம் வரும். உங்கள் பங்கை முதலில் போட வேண்டும். அடித்தளச் செலவு கையில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்றால் அடுத்த தவணையும் நிற்கும், வட்டி நிற்காது. ஜேசிபி இறக்க அனுமதி வேறு வாங்க வேண்டும்.

பட்டா, சிட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, ஒப்புதல் பெற்ற வரைபடம் எல்லாம் வழக்கம்போல. கூடலூரில் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் கீழ் உரிமை தீராத, பட்டா இல்லாத 'செக்‌ஷன் 17' நிலமென்றால் வங்கிப் படியேற வேண்டாம். படுகர் ஊர்களான ஹட்டிகளில் கூட்டுப் பட்டா சகஜம். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிய பிறகே விண்ணப்பியுங்கள்.