தாத்தா பெயரில் கரண்டு இணைப்பு: பி.எம். சூர்ய கர் திட்டம், பங்கு மக்களுக்கான மதிப்பீடு

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் எந்தக் கத்தோலிக்கப் பங்கின் பேரவையில் காலநிலைப் பேச்சை எடுத்தாலும் முதலில் கிளம்பும் யோசனை ஒன்றுதான்: கோயில் கூரையில் சோலார் போட்டுவிடலாம். வத்திக்கானிலேயே 2008-இல் ஆறாம் பவுல் அரங்கின் கூரையில் 2,400 தகடுகள் பதித்தார்களே என்று ஒருவர் எடுத்துக் கொடுப்பார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் சுற்றுச்சூழல் பற்றிச் சுற்றுமடல் எழுதியதிலிருந்து இந்தப் பேச்சுக்கு மறையுரையின் பலமும் உண்டு. நோக்கத்தில் குறையில்லை, கணக்கில்தான் இடிக்கிறது.

நடுத்தரமான ஒரு கோயிலில் 40 மின்விசிறி இருக்கிறது என்று வையுங்கள். ஒன்றுக்கு 75 வாட், மொத்தம் 3 கிலோவாட். ஞாயிறு காலை நாலு மணி நேரம் ஓடினால் 12 யூனிட். ஒலிபெருக்கி, விளக்கு, வாரநாள் திருப்பலி, நவநாள் எல்லாம் சேர்த்தாலும் வாரத்துக்கு 30 யூனிட்டைத் தாண்டுவது அபூர்வம். ஆர்வக்கோளாறில் கூரையில் ஏற்றும் 10 கிலோவாட் தகடுகளோ ஒரே நாளில் சுமார் 40 யூனிட் தரும். வழிபாட்டுத் தலத்துக்கு மின்வாரியத்தில் தனிக் கட்டண வகை. பி.எம். சூர்ய கர் என்ற மத்திய அரசுத் திட்டம் வீடுகளுக்குத் தரும் சோலார் மானியம் அங்கே ஒரு பைசா கிடையாது. கோயிலில் செய்ய வேண்டிய முதல் வேலை, 75 வாட் விசிறியைக் கழற்றிவிட்டு 28 வாட் பி.எல்.டி.சி. விசிறி மாட்டுவது. அவ்வளவுதான். மானியம் முழுக்கக் கோயிலுக்கு வருகிற குடும்பங்களின் கூரைமேல் இருக்கிறது. அன்பியம் அன்பியமாக (அன்பியம் என்பது பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) அதைக் கூட்டாக வாங்க முடியுமா என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இந்த மதிப்பீடு. சி.எஸ்.ஐ. சபைகளுக்கும் அப்படியே பொருந்தும். அன்பியம் என்று வரும் இடத்தில் ஜெபக்குழு என்று படித்துக்கொள்ளலாம்.

திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய், இலக்கு 2026-27-க்குள் ஒரு கோடி வீடு. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். மேலே எவ்வளவு போட்டாலும் 78,000-தான். 3 கிலோவாட்டுக்குச் செலவு 2 லட்சத்தை ஒட்டி வருகிறது. மானியம் பின்னால்தான் கணக்கில் விழும், முழுப் பணத்தையும் முன்னால் புரட்ட வேண்டும். அதற்கு அடமானம் கேட்காத வங்கிக் கடன் உண்டு: 3 கிலோவாட் வரை 2 லட்சம், வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டிக்கு மேல் அரை விழுக்காடு. நகைக்கடன் எடுத்துச் சோலார் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேவையே இல்லை.

எல்லா வீட்டுக்கும் இது இலாபமா என்றால், கிடையாது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டில் தகடு போட்டால் போட்ட காசு திரும்ப வருவதற்குள் பேரனுக்குக் கல்யாணம் ஆகிவிடும். 500-ஐத் தாண்டுகிற வீடுகளில்தான் மேல்படிக் கட்டணம் கடிக்கிறது, அவர்களுக்குத்தான் முதல் பலன். எனவே அன்பியக் கூட்டத்தில் கைதூக்கச் சொல்வதற்கு முன் ஒரு வருடத்து ஆறு பில்லையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் ஏ.சி. ஓடிய ஒரே பில்லைக் காட்டினால் கணக்கு தப்பும். குறைவாக எரிக்கும் வீடுகளுக்கு விசிறியை மொத்த விலையில் வாங்கிக் கொடுக்கலாம். தினம் பத்து மணி நேரம் ஓடும் ஒரு விசிறியை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 28 யூனிட் மிச்சம். ‘வசதிப்பட்டவனுக்கு மட்டும் திட்டமா’ என்ற முணுமுணுப்பும் அங்கேயே அடங்கும்.

இனி, திட்டம் உண்மையில் எங்கே சிக்குகிறது என்பதற்கு வருவோம். தகட்டிலும் இல்லை, பணத்திலும் இல்லை. கரண்டு கார்டில் இருக்கும் பெயரில். விளவங்கோடு, கல்குளம் தாலுகா வீடுகளில் இணைப்பு தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா போய் இருபது வருடம் ஆகியிருக்கும். மானியம் கேட்பவர் பெயர், மின் இணைப்பின் பெயர், வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடு மாட்டி, மீட்டர் மாற்றி, எல்லாம் முடிந்த பிறகு மானியம் மட்டும் தொங்கும். பெயர் மாற்றத்துக்கு வீட்டு வரி ரசீதோ பத்திரமோ வேண்டும். சொத்து பாகம் பிரியாமல் கிடந்தால் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் வேண்டும். அங்கேதான் கதை. பாகம் பிரிக்காத நாலு சகோதரர்களில் ஒருவர் கையெழுத்துப் போட மாட்டார், ‘இன்னைக்கு கரண்டு, நாளைக்கு வீடு’ என்பார். இது அலுவலகத்தில் தீராது. பங்குத்தந்தையோ அன்பிய ஒருங்கிணைப்பாளரோ வீட்டுக்குப் போய்ப் பேசினால் தீரும். கூட்டாகச் செய்வதன் முழுப் பயனும் இந்த இடத்தில்தான் தெரிகிறது. தனி ஆளாகப் போனால் இந்தக் கட்டத்திலேயே கைவிட்டிருப்பார். பெயர் மாற்றத்துக்கு மட்டும் மூன்று மாதம் ஒதுக்குங்கள். அதற்குமுன் எந்த நிறுவனத்துக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இணையதளம் பரவாயில்லை. மாநிலம், மின் நிறுவனம், இணைப்பு எண் கொடுத்துப் பதிந்தால் ஒவ்வொரு படியாகக் காட்டுகிறது. 10 கிலோவாட் வரைக்கும் சாத்தியக்கூறு ஆய்வு என்று இழுத்தடிக்க முடியாது. முழுமையான விண்ணப்பத்தை ஏற்றதாகவே கருத வேண்டும், மின்பளுவை உயர்த்துவதும் மின் நிறுவனத்தின் பொறுப்பு என்று 2024-இல் மத்திய விதியைத் திருத்திவிட்டார்கள். கார்டில் 1 கிலோவாட் பளு என்று பதிந்திருக்கும் பழைய வீடுகள் இதைச் சொல்லிக் கேட்கலாம். ஒரு எச்சரிக்கை: பதியும்போது வளைகுடாவில் இருக்கும் மகன் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. அபுதாபிக்குப் போகும், அங்கே அவர் டூட்டியில் இருப்பார். வீட்டில் இருப்பவர் எண்ணையே கொடுங்கள்.

விலைப்பட்டியல் வாங்கும்போது ‘3 கிலோவாட் சோலார், மொத்தம் இவ்வளவு’ என்று ஒற்றை வரியில் தருகிறவரை அப்படியே அனுப்பிவிடலாம். தகடு எந்தக் கம்பெனி, எத்தனை வாட், உள்நாட்டு செல் கொண்ட டி.சி.ஆர். தகடா, தகட்டு கரண்டை வீட்டு கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு எத்தனை வருட வாரண்டி, எத்தனை எர்த் குழி என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். டி.சி.ஆர். இல்லையென்றால் மானியம் இல்லை. எர்த் மூன்று: டி.சி. பக்கம் (தகட்டுப் பக்கம்), ஏ.சி. பக்கம் (வீட்டு கரண்டுப் பக்கம்), இடிதாங்கி. மூன்றையும் ஒரே குழியில் இறக்கிக் காசு மிச்சம் பிடிப்பது இந்த வட்டாரத்தில் சாதாரணமாக நடக்கிறது. குழியை மூடுமுன் ஒருவர் நின்று பார்க்கட்டும். தகட்டு ஒயர்களைக் கோக்கும் எம்.சி.4 இணைப்பியில் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். கலந்து போட்டால் சூடேறி உருகும். ஐந்து வருடப் பராமரிப்பு விற்பவர் பொறுப்பு. ‘ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) தனி’ என்று கேட்டால் திட்ட விதியைக் காட்டுங்கள்.

பிறகு கமிஷன். ‘வீட்டுக்கு இவ்வளவு என்று பங்குக்கு நன்கொடை தருகிறோம்’ என்று நிறுவனங்கள் வந்து நிற்கும். வாங்காதீர்கள், அது மக்கள் விலையில்தான் ஏறும். அதையே விலையில் குறைக்கச் சொல்லுங்கள். பங்கின் பெயரில் பணம் வசூலிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு வீடும் நேரடியாக ஒப்பந்தம் போடட்டும், பங்கு பேரம் பேசுவதோடு நிற்கட்டும். நாளைக்கு ஒரு இன்வெர்ட்டர் புகைந்தால் பொருளாளர் வீட்டு வாசலில் சண்டை வராது.

கூட்டாகப் போடும்போது மட்டும் வரும் தொல்லை ஒன்று இருக்கிறது. அதை எந்த விற்பனையாளரும் சொல்வதில்லை. அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து வீடுகள், அதாவது பெரும்பாலும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். 20 வீட்டில் தலா 3 கிலோவாட் போட்டால் 60 கிலோவாட். உச்சி வெயிலில் எல்லோரும் வேலைக்குப் போயிருக்க, அத்தனையும் லைனில் ஏறும். லைனின் கடைசி வீடுகளில் வோல்டேஜ் உயர்ந்து, நிர்ணயித்த அளவைத் தாண்டியதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். நல்ல வெயிலில் உற்பத்தி பூஜ்யம் என்று செயலியில் காட்டினால் பழுது தகட்டில் இருக்காது, அநேகமாக இதுதான். ஆகவே பெயர்ப் பட்டியலில் அன்பியத்தின் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் என்று இன்னொரு கட்டம் போடுங்கள். லைன்மேனைக் கேட்டால் சொல்லிவிடுவார். நெருக்கமான இடத்தில் முன்கூட்டியே மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு மொத்தமாக எழுதிக் கொடுங்கள். இருபது பேர் சேர்ந்து எழுதும் கடிதத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

கூரைக்கு வருவோம். வார்ப்பு வீட்டில் பிரச்சினை குறைவு. ஒழுகலுக்குப் பயந்து மாடிமேல் ட்ரஸ் அடித்து ஷீட் போட்ட வீடுகள்தான் இங்கே அதிகம். ஷீட்டில் மட்டும் திருகினால் ஆடிக்காற்று தூக்கிவிடும். கீழே இருக்கும் இரும்புச் சட்டத்தோடு பிணைக்க வேண்டும். 550 வாட் தகடு ஒன்று ஏறக்குறைய 28 கிலோ, 3 கிலோவாட்டுக்கு ஆறு தகடு. துருப்பிடித்த பழைய ட்ரஸ் என்றால் முதலில் வெல்டரைக் கூப்பிடுங்கள். தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வு போதும். அதற்கும் கீழே படுக்க வைத்தால் கீழ் ஓரத்தில் மண் தங்கும். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் மழை என்பதால் வருடத்தில் இரண்டு முறை உற்பத்தி விழும். விற்பவர் மாசி வெயிலை வைத்து வருடக் கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். நாளுக்குச் சராசரி 1 கிலோவாட்டுக்கு 4 யூனிட், அதுவே நியாயமான எதிர்பார்ப்பு. தூத்தூர், நீரோடி போன்ற கடற்கரை ஊர்களில் ஹாட் டிப் முறையில் துத்தநாகம் பூசிய சட்டமும் எவர்சில்வர் போல்ட்டும் கட்டாயம். வெறும் பெயின்ட் அடித்த இரும்பை உப்புக்காற்று சீக்கிரமே தின்றுவிடும்.

ஏமாற்றம் அதிகம் வருவது கரண்டு போகும்போது. பேட்டரி இல்லாமல் லைனோடு சேர்ந்தே ஓடும் சாதாரண ஆன்-கிரிட் அமைப்பு லைன் கட்டானதும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. ‘சோலார் இருந்தா அன்னைக்கு தப்பிச்சிருக்கலாம்’ என்ற நினைப்பில் பலர் சம்மதிக்கிறார்கள். மானியத்தில் வரும் ஆன்-கிரிட் அந்த வேலைக்கு உதவாது என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். பங்குக்குப் பணம் செலவழிக்க ஆசை இருந்தால் இங்கே செலவழிக்கலாம்: சமூகக்கூடத்தில் லைன் போனாலும் பேட்டரியில் ஓடும் 5 கிலோவாட் ஹைபிரிட், கூடவே லித்தியம் பேட்டரி. விளக்கு, செல்போன் சார்ஜ், கிணற்றில் 1 எச்.பி. மோட்டார் கொஞ்ச நேரம். புயல் நாளில் ஊர் வந்து கூடும் இடம் அதுதானே.

தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் மக்கள் உள்ள பங்குகளுக்கு ஒரு வார்த்தை. மறைமாவட்ட எல்லை வேறு, கரண்டு எல்லை வேறு. தூத்தூர் பக்கத்துக் கடற்கரைப் பங்குகள் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தில், கரண்டு மட்டும் தமிழ்நாட்டினுடையது. கேரளத்தின் பாறசாலைப் பக்கத்து வீடுகளுக்கு அந்த மாநில மின்வாரியமான கே.எஸ்.இ.பி. மத்திய மானியம் இருவருக்கும் ஒன்றுதான். நிறுவனம் அந்தந்த மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும். கேரளத்தில் நம் 100 யூனிட் இலவசம் கிடையாது. மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விலை. அதனால் அங்கே போட்ட காசு சீக்கிரம் திரும்பும். இரண்டு பட்டியலையும் ஒன்றாகக் குழப்பிப் பேரம் பேசினால் இரண்டும் கெடும்.

மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. மானியத்துக்கும் கடனுக்கும் முழு மதிப்பெண். பெயர்ச் சிக்கலுக்கும் முன்பணச் சுமைக்கும் ஒன்றரை போய்விட்டது. 3 கிலோவாட் வீடு ஒன்று வருடத்துக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் தரும். நம் நாட்டு மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமிலவாயு என்று வைத்தால் வீட்டுக்கு ஏறக்குறைய 3 டன். முப்பது வீடு சேர்ந்தால் 90 டன். கோயில் கூரைப் பத்து கிலோவாட்டுக்கு அதில் ஒன்பதில் ஒரு பங்குதான்.

மறந்துவிடக்கூடாத ஒன்று, தென்னை. ஒற்றை ஓலையின் நிழல் விழுந்தாலே தகட்டில் மூன்றில் ஒரு பாகம் படுத்துவிடும். மட்டை விழுந்து கண்ணாடி விரிந்தால் வாரண்டி கிடையாது. தேங்காய் வெட்டுக்கு ஆள் வரும் நாளில் கூரைப்பக்கம் சாய்ந்த காய்ந்த மட்டைகளையும் இறக்கச் சொல்லுங்கள். அன்பியத்துக்கு ஒரே நாளாக வைத்தால் மரமேறியும் தட்டாமல் வருவார். மட்டைக்குத் தனிக்கூலி கேட்பார், கொடுத்துவிடுங்கள்.