பூசணிக்காய் எங்கே விழும்? இரண்டு கணினி ஆசான்களின் பேச்சுமுறை

நேர்கோட்டில் ஒரே வேகத்தில் ஓடுகிற ஒருவர் பூசணிக்காயை நேர்மேலே எறிகிறார். அது எங்கே விழும், ஏன்? அமெரிக்காவில் இரண்டு பயிற்று நிரல்கள் இதையே மாணவரிடம் கேட்டன: மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கிரேசர் குழு உருவாக்கிய ஆட்டோடியூட்டர், பிட்ஸ்பர்கில் கர்ட் வான்லேன் குழு உருவாக்கிய ஒய்டூ-அட்லஸ். மாணவர் பதில் எழுதியபின் அடுத்து என்ன கேட்பது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ஆட்டோடியூட்டர், சரியான பதிலில் இடம்பெற வேண்டிய கருத்துகளையும் வழக்கமான பிழைக் கருத்துகளையும் முன்பே வைத்திருக்கிறது. மாணவரின் பதில் அவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்கிறது. ஏதாவது விடுபட்டால் முதலில் "இன்னும் சொல்லுங்கள்" என்கிறது. பிறகு குறிப்பு, பிறகு ஒரு சொல்லை வரவழைக்கும் கேள்வி. எதுவும் பலிக்காவிட்டால் விடையைத் தானே சொல்லிவிடுகிறது. புதிய பாடம் சேர்ப்பது எளிது. ஆனால் அது நம்பிய புள்ளியியல் முறை சொல்வரிசையைப் பார்ப்பதில்லை. பூசணி ஓடுபவரை முந்துகிறது, ஓடுபவர் பூசணியை முந்துகிறார் என்ற இரண்டும் ஆங்கிலத்தில் அதற்கு ஒரே மதிப்பெண் பெறும். எது எதை முந்துகிறது என்பதில்தான் இந்தக் கணக்கின் உயிரே இருக்கிறது!

அட்லஸ் வாக்கியத்தைத் தர்க்க வடிவமாக்கி, காரணச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று தேடுகிறது. எறிந்தபின் பூசணிமீது கிடைமட்ட விசை உண்டா? இல்லையென்றால் கிடைமட்ட வேகம் மாறுமா? தவறாகச் சொன்னால் கிளைக்கேள்விகளுக்குள் இறங்கி, தெளிந்தபின் விட்ட இடத்துக்குத் திரும்புகிறது. அத்தனை கிளைகளையும் ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுத வேண்டும், பெரும் உழைப்பு.

இந்த நிரல்களோடு உரையாடுவதையும் பாடத்தை வெறுமனே வாசிப்பதையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வு, உரையாடலுக்கே ஒரு வரம்பு காட்டியது. தம் நிலைக்கேற்ற பாடத்தை வாசித்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு கற்றார்கள். தம் நிலையை மிஞ்சிய பாடத்தை எதிர்கொண்ட தொடக்கநிலை மாணவர்களுக்கே உரையாடல் கூடுதலாக உதவியது.

கேட்பதா, சொல்லிவிடுவதா என்பதைத் தரவிலிருந்தே கற்கும் மூன்றாம் வழியைக் கார்டிலெரா என்ற இன்னொரு பயிற்று நிரல் முயன்றது. அப்படிக் கற்பதற்கே ஏராளமான மாணவர் உரையாடல்கள் வேண்டும் என்பதால் சிறு குழுக்களுக்கு அது எட்டாது.

கணினி அடிப்படை போன்ற, கருத்துகள் தனித்தனியாக நிற்கும் பாடத்துக்கு ஆட்டோடியூட்டர் வழி போதும். காரணம் அடுக்கும் பாடங்களில் நான் அட்லஸின் பக்கம். மாணவரின் வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் வேலையை இன்றைய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளிடம் விடலாம். அடுத்த கேள்வி எது என்பதை மட்டும் பாடம் தெரிந்த ஆசிரியர் வகுத்த திட்டமே தீர்மானிக்க வேண்டும்.