இரண்டு நர்சிங் கல்லூரி, இரண்டு ஆசிரியர் பட்டியல்

அக்கா மகள் பிளஸ் டூ முடித்த கையோடு பி.எஸ்சி. நர்சிங்தான் படிப்பேன் என்று நின்றுவிட்டாள். மதுரை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு நர்சிங் கல்லூரிக்கு மதிப்பெண் எட்டவில்லை. சரி, தனியாரில் பார்க்கலாம் என்று ஆனதும், அத்தான் இரண்டு கல்லூரிகளின் கையேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். "இருபது வருஷமா வார்டுல நிக்கிறவ நீதானே, நீயே பார்த்துச் சொல்லும்மா." அவர் அதற்குள் கட்டணத்தையும் பஸ் ரூட்டையும் பார்த்து முடித்திருந்தார். அக்கா ஹாஸ்டல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். ஆசிரியர் பட்டியலை அங்கேதான் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

ஒரு கல்லூரி ஊருக்கு வடக்கே, இன்னொன்று தெற்கே. பெயர் வேண்டாம், வடக்கு, தெற்கு என்றே சொல்கிறேன். இரண்டும் சின்னக் கல்லூரிகள், வருடத்துக்கு 60 இடம். இரண்டுமே எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருப்பவை. அதே பாடத்திட்டம், அதே வினாத்தாள். ஆக, பாடத்தில் வித்தியாசம் இருக்க வழியில்லை. சொல்லிக்கொடுக்கிற ஆளில்தான் இருக்கும்.

முதலில் தலைக்கணக்கு. பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. நான்கு வருடமும் நிரம்பியிருந்தால் 240 பேர், அதற்கு 24 ஆசிரியர். வடக்கில் 25 பெயர் இருந்தது. தெற்கில் 21, ஆனால் அங்கே இடங்கள் முழுதாக நிரம்பவில்லை, இருநூறு சொச்சம் பேர்தான். எனவே இரண்டும் பாஸ். பட்டியலில் இருக்கிற பெயரெல்லாம் தினமும் வகுப்புக்கு வருகிற ஆளா என்பது வேறு கேள்வி. இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மட்டும் வெள்ளைக் கோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதை என் தோழி ஒருத்தி சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அதனால் இரண்டு இடத்துக்கும் சும்மா ஒரு சாதாரண புதன்கிழமை போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் பட்டியலை மேலிருந்து படிப்பார்கள். வடக்கில் பிரின்சிபால் முனைவர் பட்டம் பெற்றவர், வைஸ் பிரின்சிபாலும் அப்படியே. தெற்கில் முனைவர் யாருமில்லை, பிரின்சிபால் எம்.எஸ்சி.தான். அத்தான் அந்த இடத்திலேயே வடக்கு என்று முடிவு கட்டிவிட்டார். ஆனால் பிரின்சிபால் ஆவதற்கே எம்.எஸ்சி. நர்சிங்கும், 15 வருட அனுபவமும், அதில் 12 வருடம் பாடம் நடத்தியதும் வேண்டும். அந்த நாற்காலிக்கு வருகிறவர் எங்கேயும் ஓரளவு தேறியவர்தான். பிள்ளைகளோடு வார்டில் நாள் முழுக்க நிற்கப் போகிறவர் அவரில்லை. டியூட்டர். ஆசிரியர் வரிசையில் கடைசிப் படி அது, பட்டியலில் பாதிக்கு மேல் அவர்கள்தான். டியூட்டராக பி.எஸ்சி.யும் ஒரு வருட அனுபவமும் இருந்தால் போதும். அதனால் நான் கீழிருந்து மேலே படித்தேன்.

வடக்கின் டியூட்டர்கள் எல்லோரும் ஒரே அச்சு. நான்கு வருடம் பி.எஸ்சி., ஒரு வருடம் அனுபவம், பிறகு இரண்டு வருடம் எம்.எஸ்சி., நேராக வேலை. எம்.எஸ்சி.யில் சேர அந்த ஒரு வருட அனுபவம் கட்டாயம். ஆனால் அதை எங்கே பெற்றார்கள் என்று பார்த்தால் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு கல்லூரியில் டியூட்டராக இருந்திருக்கிறார்கள். விதிப்படி சரிதான். ஆனால் மாணவியாகப் போஸ்டிங் போனதைத் தவிர, நைட் டியூட்டியில் முப்பது பேஷண்டுக்குப் பொறுப்பாக ஒருநாளும் நின்றதில்லை.

தெற்கின் டியூட்டர்களில் ஏழெட்டுப் பேர் வேறு வழியாக வந்தவர்கள். முதலில் ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமா, அவர்கள் படித்த காலத்தில் மூன்றரை வருடம். பிறகு ஆஸ்பத்திரி வேலை. நடுவில் கல்யாணம், குழந்தை. அதற்கப்புறம், டிப்ளமா முடித்தவர்கள் பட்டம் வாங்குவதற்கான இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சிலர் எம்.எஸ்சி.யும் முடித்திருக்கிறார்கள், சிலர் இன்னும் இல்லை. காகிதத்தில் வடக்கு டியூட்டரை விட ஒரு படி கீழே தெரிவார்கள். ஒரு பட்டத்துக்கும் அடுத்த பட்டத்துக்கும் நடுவே எத்தனை வருடம், அந்த வருடங்களில் எங்கே நின்றார்கள் என்று பட்டியலில் எழுத இடம் கிடையாது. எனக்கு வேண்டியதோ அதுதான்.

வடக்கில் டெமோ ரூமைக் காட்டிய டியூட்டர் நல்ல பெண், சிரித்த முகம். போர்டில் டிரிப் கணக்கு எழுதியிருந்தது: 500 மில்லி, 8 மணி நேரம், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? கணக்கு சுத்தமாகப் போட்டிருந்தார், 15 ஆல் பெருக்கி 480 ஆல் வகுத்து, 16 சொட்டு. "இந்த 15 எங்கேருந்து வருதும்மா?" என்று கேட்டேன். "ஃபார்முலா மேடம், டிராப் ஃபேக்டர்" என்றார். அதற்கு மேல் போகவில்லை.

தெற்கிலும் அதே பாடம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நாற்பதைத் தாண்டிய ஒரு மேடம், கையில் பிரிக்காத ஐ.வி. செட் கவர் மூன்று வைத்திருந்தார். கணக்கே போடவில்லை. கவரை ஒவ்வொரு பிள்ளை கையிலும் கொடுத்து, "இதுல எத்தனை போட்டிருக்கு, வாசி" என்றார். ஒன்றில் மில்லிக்கு 15 சொட்டு, ஒன்றில் 20, குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60. "ஸ்டோர்லேருந்து இன்னைக்கு என்ன செட் வருதோ அதை வெச்சுத்தான் கணக்கு. கவரைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு அப்புறம் ஃபார்முலா தேடக் கூடாது." அதே 500 மில்லி, 20 சொட்டு செட்டில் 21 சொட்டாகிவிடும். இதை எனக்கு யாரும் வகுப்பில் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் சிஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு படித்தது.

அந்த இடத்தில் என் மனசு தெற்குப் பக்கம் சாய்ந்தது. ஆனால் அடுத்த அரை மணி நேரம் என்னைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது.

அதே மேடம் பொம்மைக்கு ரைல்ஸ் டியூப், அதாவது மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாய், போட்டுக் காட்டினார். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ் நுனி வரை அளந்தார். "முழுங்குங்க ஐயா, இன்னொரு தடவை முழுங்குங்க" என்று பொம்மையிடம் பேசிக்கொண்டே இறக்கினார். பார்க்கவே அழகு. பிறகு சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி, வயிற்றில் ஸ்டெத் வைத்துச் சத்தம் கேட்டு, "உள்ள இருக்கு" என்றார். நானும் இத்தனை வருடம் அப்படித்தான் செய்தேன். காலையில் வடக்கின் அந்தச் சின்னப் பெண் என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "காத்து ஊதிக் கேக்குறதை இப்ப நம்பக் கூடாதுன்னு சொல்றாங்க மேடம். டியூப் நுரையீரல்ல இருந்தாலும் அந்தச் சத்தம் கேக்கலாம். உள்ளேருந்து இழுத்த திரவத்தோட பி.ஹெச். 5.5-க்குள்ள இருக்கணும், இல்லைன்னா எக்ஸ்ரே." அவள் சொன்னது சரி. பி.ஹெச். என்பது அமிலத்தன்மையின் அளவு; அது குறைவாக இருந்தால் திரவம் வயிற்றிலிருந்து வந்தது என்று அர்த்தம். நுரையீரலுக்குள் பால் போய்விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

டிரிப்பில் தெற்கு, ரைல்ஸ் டியூப்பில் வடக்கு. வார்டில் ஊறி வந்தவரிடம் கை இருக்கிறது, கையோடு பழைய பழக்கமும் வந்துவிடுகிறது. படித்த கையோடு வந்தவரிடம் புதுசு இருக்கிறது. சமீபத்தில் வேலைக்கு வந்தவருக்கு இன்னொரு சாதகமும் உண்டு. 2021-க்குப் பிறகு பாடத்திட்டம் செமஸ்டர் முறைக்கு மாறியது, சிமுலேஷன் லேப் எல்லாம் உள்ளே வந்தது. அது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தெற்கில் மாணவிகள் செய்த வேலையைப் பதிகிற லாக் புக்கை இன்னும் பழைய மாதிரியே வரிசை பண்ணி வைத்திருந்தார்கள்.

வடக்கின் முனைவர் பட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டுமே நர்சிங்கில்தான் வாங்கியவை. அதை முதலில் பார்த்துக்கொண்டேன். வேறு பாடத்தில் வாங்கிவிட்டு நர்சிங் கல்லூரிப் பலகையில் முனைவர் என்று போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அது தப்பில்லை, ஆனால் பேஷண்ட் பக்கத்தில் அதற்கு வேலையில்லை. எம்.எஸ்சி. வரை போகப்போகிற பிள்ளைக்கு ஆராய்ச்சி தெரிந்த பிரின்சிபால் பெரிய பலம். அக்கா மகளோ படித்து முடித்ததும் வேலைக்குப் போக வேண்டியவள்.

மதுரைக்காரர்களுக்கு அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொன்னால் வார்டில் ஊறியவரின் பலம் சட்டென்று புரியும். 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய இடம். பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டு வருடம் அங்கேயே வைத்துப் பழக்கித்தான் அங்கே வருகிற நோயாளிக் கூட்டத்தைச் சமாளிக்கிறார்கள். நர்சிங் பட்டமும் அதுவும் ஒன்றில்லை. ஆனால் வேலை நடக்கிற இடத்தில் வைத்தே வேலையைச் சொல்லிக்கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களுக்கு இரண்டு இடத்திலும் வெளியிலிருந்து எம்.எஸ்சி. படித்தவர்கள் பகுதிநேரமாக வருகிறார்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாகப் பார்க்க வேண்டியது எம்.எஸ்சி.யில் எந்தப் பிரிவு என்பது. மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தை நலம், மகப்பேறு, சமுதாய நலம், மனநலம் என்று ஐந்து. வடக்கில் ஐந்துக்கும் ஆள் இருந்தது. தெற்கில் எட்டு எம்.எஸ்சி.யில் ஐந்து பேர் மெடிக்கல் சர்ஜிக்கல், மனநலத்துக்கு ஒருவர்கூட இல்லை. பிரின்சிபாலிடமே கேட்டேன். மழுப்பவில்லை. "போன வருஷம் இருந்தவங்க கல்யாணமாகிப் போயிட்டாங்க. விளம்பரம் கொடுத்திருக்கோம், இன்னும் அமையலை" என்றார்.

அந்தக் குறை இருந்தும், வேலைக்குப் போகப்போகிறவளுக்கு முதலில் கைதான் வேண்டும் என்று தெற்கில்தான் சேர்த்தோம். அத்தானுக்கு இன்னும் முனைவர் பட்டத்தின் மேல் ஒரு கண் இருக்கிறது; யாராவது கேட்டால் "என் கொழுந்தியா சொன்னா" என்று என் மேல் போட்டுவிடுகிறார். போன வாரம் அக்கா மகள் போன் செய்து, "சித்தி, ரைல்ஸ் டியூப் பாடம் எடுத்தாங்க, காத்து ஊதிக் காட்டுனாங்க" என்றாள். பி.ஹெச். பற்றி மேடத்திடம் பணிவாகக் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறாள். மேடம் கோபப்படவில்லையாம், "எங்க படிச்சே, எழுதிக் கொடு" என்றாராம். மனநல நர்சிங் ஐந்தாம் செமஸ்டரில்தான் தொடங்குகிறது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஆள் வந்தாச்சா என்று நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.