ஏஎம்ஜி கைவைத்த பென்ஸ் வேகன்: ஈ36 டி-மாடல் நெடுநாள் பயன்பாட்டில்

பென்ஸ் கார்களை வேகமாக்கித் தரும் ஏஎம்ஜி, ஈ320 வேகனை மாற்றி உருவாக்கியதுதான் ஈ36 டி-மாடல் (வேகனை பென்ஸ் டி-மாடல் என்கிறது). இந்தக் காரில் ஏஎம்ஜி மாற்றிய பாகங்கள் அவ்வளவு சீக்கிரம் தொல்லை கொடுப்பதில்லை. காசைத் தின்பது பென்ஸ் போட்ட ஒயரும் ரப்பரும்தான்.

ஈ320-இன் 3.2 லிட்டர் எம்104 எஞ்சினை எடுத்து, சிலிண்டர் விட்டத்தை 89.9-லிருந்து 91 மி.மீ. ஆக்கினார்கள், ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் நகரும் தூரத்தை) 84-லிருந்து 92.4 மி.மீ.க்கு நீட்டினார்கள். கொள்ளளவு 3,606 சி.சி. ஆனது, 220 குதிரைத்திறன் 272-க்கு ஏறியது. அன்றாட ஓட்டத்தில் காலுக்குத் தெரிவது 385 நியூட்டன் மீட்டர் டார்க். ஆள் நிறைந்து, டிக்கி முழுக்கச் சாமானோடு ஆட்டோபானில் (ஜெர்மன் அதிவேகச் சாலையில்) ஏறினாலும் எஞ்சின் திணறாது.

1992 முதல் 1995 வரை வந்த எஞ்சின் ஒயரிங்கில் சூடு தாங்காத இன்சுலேஷன் போட்டுவிட்டார்கள். ஒயர் போய்ச் சேரும் ஒரு கனெக்டர் பக்கத்தில் வெளி உறையைக் கொஞ்சம் விலக்கி, உள்ளே இருக்கும் ஒயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தால் ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) முழுவதும் மாற்ற வேண்டியதுதான். டேப் சுற்றிச் சமாளித்தால் ஷார்ட் ஆகி ஈசியூவும் (எஞ்சின் கம்ப்யூட்டரும்) சேர்ந்து போகும். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் த்ராட்டிலுக்குள்ளும் இதே ஒயர்தான். புது ஹார்னஸ் போட்டும் ஐட்லிங் ஆடினால் அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் அது.

ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள சீல்) பின் மூலையில் எண்ணெய் கசிவது எம்104-இன் பரம்பரை வியாதி. லேசான ஈரம் என்றால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். கூலன்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. மழை நாளில் மட்டும் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் வருகிறதா? ஆறு சிலிண்டருக்கும் மூன்றே இக்னிஷன் காயில்கள். அவற்றில் விரிசல் இருக்கிறதா, ஸ்பார்க் பிளக் குழிகளில் எண்ணெய் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

வேகனுக்கே உரிய விஷயம் பின்பக்க ஹைட்ராலிக் லெவலிங்: சுமை ஏறினாலும் எண்ணெய் அழுத்தத்தால் பின்புறத்தை அதே உயரத்தில் வைக்கும் அமைப்பு. சின்னப் பள்ளத்தில்கூடப் பின்புறம் கட்டைவண்டி போலத் தூக்கிப்போட்டால் பலரும் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் அது நைட்ரஜன் உருண்டைகளின் கோளாறு: உள்ளே சவ்வு கிழிந்து, வாயு இருந்த இடத்தில் எண்ணெய் நிரம்பிவிடுகிறது. எண்ணெய் அமுங்காது, அதனால் ஸ்பிரிங் போன்ற மென்மை போய்விடுகிறது. இரண்டு உருண்டைகளையும் ஒன்றாக மாற்றுங்கள். பைப்பைக் கழற்றும் முன் லெவல் வால்விலுள்ள பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். கறுத்துப்போன எண்ணெயை வடித்து, டேங்க் ஃபில்டரையும் மாற்றி, இந்தச் சிஸ்டத்துக்குரிய ஹைட்ராலிக் எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள், ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) வேண்டாம். செத்த உருண்டையோடு ஓட்டினால் ஸ்ட்ரட் சீலும் கசியத் தொடங்கும், செலவு பல மடங்காகும்.

தாழ்வான ஸ்பிரிங் போடுபவர்கள் லெவல் வால்வின் இணைப்புக் கம்பியைத் திருத்த மறந்துவிடுகிறார்கள். கார் தாழ்ந்துவிட்டது என்று நினைத்து பம்ப் அதைப் பழைய உயரத்துக்கே தூக்கும். சிஸ்டம் எந்நேரமும் கூடுதல் அழுத்தத்திலேயே இருக்கும்.

துருவைத் தேட வேண்டியது பக்கவாட்டு பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால். ஜெர்மனியில் குளிர்காலச் சாலையில் தூவும் உப்பு ஜாக்கி வைக்கும் இடங்களில் சேர்ந்து அரிக்கிறது; வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். வாங்கும் முன் பலகையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏஎம்ஜி பேட்ஜையும் சக்கரத்தையும் சாதாரண ஈ320-இல் மாட்டுவது அரை மணி நேர வேலை. ஆகவே அசல் டேட்டா கார்டும் (ஃபேக்டரி விவரங்கள் உள்ள அட்டையும்) ரசீதுகளும் இல்லாத காருக்கு ஈ320 விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.