அமோனியா ரிசீவருக்கு ‘எல்’ அடிப்பதா, வேண்டாமா?

சிங்கப்பூர் துவாஸில் தொட்டி செய்யும் எங்கள் ஷாப்புக்கு ஒரு குளிர்கிடங்கின் அமோனியா ரிசீவர் வேலை வந்தது; குளிரூட்டும் அமோனியாவை அழுத்தத்தில் சேர்த்து வைக்கும் தொட்டி அது. டேட்டா ஷீட்டில் ‘லீத்தல் சர்வீஸ்’ (உயிர்கொல்லிப் பொருளுக்கான தொட்டியா) என்ற கட்டம் மட்டும் காலி. ஆம் என்றால் நேம்பிளேட்டில் ‘எல்’ முத்திரை அடிக்க வேண்டும். தரம் பார்க்கும் க்யூசி தம்பி டிராயிங்கோடு வந்து நின்றான். “அண்ணே, அமோனியா ஆளையே கொல்லும்ல? அப்போ லீத்தல்தானே?”

நியாயமான கேள்விதான். ஆனால் ஏஎஸ்எம்இ செக்‌ஷன் எட்டு, டிவிஷன் 1 என்ற அமெரிக்க அழுத்தத் தொட்டி விதிநூல், அதாவது ‘கோடு’, கேட்பது ‘கொல்லுமா’ என்று அல்ல, ‘எவ்வளவு கொஞ்சத்தில் கொல்லும்’ என்று. மிகச் சிறிதளவு மூச்சில் போனாலே உயிருக்கு ஆபத்தாகும் விஷ வாயு, விஷ திரவம்தான் லீத்தல். அந்தச் ‘சிறிதளவு’ எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று கோடு சொல்லாது. முடிவு செய்ய வேண்டியவர் தொட்டியைப் பயன்படுத்தப் போகிறவர். அதனால் காலிக் கட்டத்தை நாங்களே நிரப்பாமல் கேட்டு எழுதினோம். பதில் வரும்வரை சும்மா இருக்க முடியுமா, எண்களைப் போட்டுப் பார்த்தோம்.

முதலில் மற்றக் குளிரூட்டிகள். ஆர்-134ஏ வாயு பற்றிப் பேச அதிகமில்லை. நச்சு குறைவு, தீப்பிடிக்காது; அதுதான் ஏ1 வகை. மூடிய பிளான்ட் ரூமில் கசிந்தால் காற்றைத் தள்ளிவிட்டு மூச்சை முட்டவைக்கும்; அது வெண்டிலேஷன், கேஸ் டிடெக்டர் சமாச்சாரம். கார்பன் டை ஆக்சைடும் ஏ1தான். அதில் தலைவலி தருவது உயர்ந்த அழுத்தம்.

அமோனியாதான் இழுபறி. நச்சு அதிகம், எரிந்தாலும் மெதுவாகவே எரியும் என்ற பி2எல் வகை (இந்த ‘எல்’ வேறு). எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 25 பிபிஎம். உடனடி உயிராபத்து என்று வைத்திருக்கும் அளவு 300 பிபிஎம். அதே அளவுகோலில் ஹைட்ரஜன் சயனைடு 50, ஃபாஸ்ஜீன் வெறும் 2. அந்தக் காலத்து வீட்டு ஃபிரிட்ஜ்களில் இருந்த சல்ஃபர் டை ஆக்சைடு 100. போதாததற்கு, அமோனியா ஆபத்தான அளவை எட்டும் முன்பே மூக்கைத் துளைத்து ஆளை வெளியே விரட்டிவிடும். என் கணக்கில் அது லீத்தல் இல்லை. தொழிலில் பெரும்பாலோர் வழக்கமும் அதுதான்.

பயத்தில் ‘எல்’ என்று போட்டுவிட்டால்? விளிம்போடு விளிம்பு சேர்க்கும் பட் வெல்டுக்கெல்லாம் முழு ரேடியோகிராபி (முழு நீளமும் எக்ஸ்ரே போன்ற படம்), கார்பன் ஸ்டீலுக்குக் கட்டாய ஸ்ட்ரெஸ் ரிலீவ் (வெல்டில் தங்கிய இழுவிசையைத் தணிக்கச் சூடாக்குவது), வார்ப்பிரும்பு கூடாது, எஸ்ஏ-36 என்ற சாதாரண ஸ்டீல் பிளேட் கூடாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள் ஆரம் 600 மிமீ, அழுத்தம் 1.9 மெகாபாஸ்கல், எஸ்ஏ-516 கிரேடு 70 என்ற தொட்டி ஸ்டீல் பிளேட் என்று வையுங்கள். ஸ்பாட் ரேடியோகிராபி (சில இடங்களில் மட்டும் படம்) என்றால் ஜாயின்ட் எஃபிஷியன்சி, அதாவது வெல்டின் பலத்தை நம்பும் பங்கு, 0.85; ஷெல்லுக்கு அரிமானத்துக்கு விடுவதைச் சேர்க்காமல் 9.8 மிமீ வேண்டும். முழு ரேடியோகிராபி எடுத்தால் அந்தப் பங்கு 1 ஆகும், 8.3 மிமீ போதும். ‘எல்’ அடித்த தொட்டி மெலிந்து போகும்! தம்பிக்கு நம்பிக்கை வரவில்லை, கால்குலேட்டரைப் பிடுங்கித் தானே போட்டுப் பார்த்தான்.

அப்படியென்றால் ‘லீத்தல் இல்லை’ என்று எழுதிக் கோடு கேட்கிற குறைந்தபட்சத்தோடு விட்டுவிடலாமா? அங்கேதான் எனக்கு உறுத்தல். இந்தத் தடிமனுக்குக் கோடு ஸ்ட்ரெஸ் ரிலீவ் கேட்காது. ஆனால் அமோனியாவில் கொஞ்சம் ஆக்சிஜன் கலந்தால், வெல்டில் தங்கியிருக்கும் இழுவிசையோடு சேர்ந்து கார்பன் ஸ்டீலில் மயிரிழை விரிசல்களைக் கிளப்பும். 0.2 சதவீதம் தண்ணீர் இருந்தால் விரிசல் அடங்கும். அந்தத் தண்ணீரோ லோ சைடில், அதாவது அழுத்தம் குறைந்த குளிர்ப் பக்கத்தில், போய்த் தங்கிவிடும். அழுத்தம் அதிகமான பக்கத்தில் இருக்கும் எங்கள் ரிசீவரில் தண்ணீர் இருக்காது. சர்வீஸுக்குத் திறந்து மூடும்போது காற்றும் புகுந்துவிடும்.

அதனால் நான் சாய்வது மூன்றாவது வழிக்கு: ‘லீத்தல் இல்லை’ என்றே போட்டு, முழு ரேடியோகிராபியும் 595 டிகிரி செல்சியஸில் ஸ்ட்ரெஸ் ரிலீவும் ஆர்டரிலேயே தனியாகக் கேட்டு வாங்குவது. ஃபர்னஸ் செலவு கூடும்தான். ஆனாலும் பிளேட்டில் தேவையில்லாத கட்டுப்பாடு வராது, அமோனியாவின் நிஜமான வம்புக்கும் மருந்து போட்டாயிற்று. ‘எல்’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனிதவள அமைச்சில் பதிவு செய்வதும், அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் வந்து பார்ப்பதும் அப்படியேதான்.

நான்காம் நாள் வாடிக்கையாளர் மெயில் வந்தது: லீத்தல் இல்லை, முழு ரேடியோகிராபி, ஸ்ட்ரெஸ் ரிலீவ் உண்டு. தம்பி படித்துவிட்டுச் சிரித்தான். “வேலை எல்லாம் ‘எல்’ வேலை. நேம்பிளேட்டில் மட்டும் ‘எல்’லைக் காணோம்!”