நிலத்தடி நீர்ப் பாடத்தில் மாணவர் வரையும் படங்கள்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கடலூரில் கல்லூரி மாணவர்களுக்கு நிலத்தடி நீரியல் கற்பிக்கும் நான், பல செமஸ்டர்களாக எழுத்துத் தேர்வோடு சேர்த்து, மாணவர்கள் கையால் வரையும் குறுக்குவெட்டுப் படங்களையும் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தி வருகிறேன். மனப்பாட விடை மறைத்துவிடுவதைப் படம் வெளியே கொண்டுவருகிறது என்பதில் எனக்கு இன்று ஐயமே இல்லை.

அடைபட்ட நீர்த்தாங்கி என்றால் என்ன என்று கேட்டால், நீர்புகா அடுக்குகள் இரண்டுக்கு இடையே அழுத்தத்துடன் நீர் நிற்கும் படுகை என்று பிழையின்றி எழுதும் மாணவர், நெய்வேலியிலிருந்து கடலூர்க் கடற்கரை வரை நிலத்தை வெட்டிப் பார்ப்பதாக எண்ணி வரையச் சொன்னால், மண்ணுக்கடியில் ஒரு குகையையும் அதற்குள் ஏரி போன்ற நீர்ப்பரப்பையும் வரைகிறார். மணற்கல்லின் துகள்களுக்கு இடையே உள்ள நுண்ணிய வெளிகளில்தான் நீர் நிற்கிறது என்பது அவர் மனத்தில் பதியவில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வெட்ட வேண்டுமானால், அதன் அடியில் உள்ள நீரை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டியிருப்பது ஏன் என்பதை அம்புக்குறிகளால் காட்டச் சொல்லும்போதும் இதுவே நிகழ்கிறது. நீர் கீழிருந்து மேல்நோக்கி அழுத்துகிறது என்று வரைபவர்கள் சிலரே. பலர் சுரங்கத்தின் பக்கச் சுவர் வழியாக நீர் வழிந்து வருவதாகவே காட்டுகிறார்கள்.

கடல்நீர் ஊடுருவல் இன்னும் தெளிவான சான்று. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்ற கைபன்-ஹெர்ஸ்பெர்க் விதியைக் கொண்டு கணக்கைச் சரியாகப் போடுபவர்களே, நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையிலான எல்லையைக் கரையோரத்தில் செங்குத்துச் சுவராக வரைந்துவிடுகிறார்கள். அடர்த்தி மிகுந்த கடல்நீர் நன்னீருக்கு அடியில் ஆப்புபோல் சாய்ந்து நிலத்துக்குள் நுழைகிறது என்பதை உணராதவர், ஆழ்துளைக் கிணற்றில் மிகுதியாக இறைத்தால் உவர்நீர் அடியிலிருந்து மேலெழும் என்பதையும் உணர முடியாது. தேவனாம்பட்டினம் போன்ற கரையோர ஊர்களுக்கு இது வாழ்வாதாரச் செய்தி என்பதால், இந்தப் பிழையை நான் எளிதாகக் கடந்துபோவதில்லை.

பாடத்துக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் என இரண்டு வாங்குகிறேன். கோடு கோணலாக இருப்பது பொருட்டே அல்ல. நீர்மட்டம், களிமண் அடுக்கு, மழைநீர் உட்புகும் இடம், ஓட்டத்தின் திசை ஆகியவை இருக்கின்றனவா என்பதையே பார்க்கிறேன். "எனக்கு வரைய வராது, சார்" என்று தயங்குபவர்களும் இதை அறிந்த பிறகு பேனாவை எடுத்துவிடுகிறார்கள். பாடநூல் படத்தை நினைவிலிருந்து அப்படியே இறக்கிவைப்பவர்களுக்காக, அவரவர் வீட்டுப் போர்வெல்லை வரையச் சொல்வது பயன் தந்திருக்கிறது.

படத்தை மட்டும் நம்பி முடிவு செய்வது சரியன்று. நீல நிறம் தீட்டிய ஒரு பட்டை, குகை என்றும் பொருள்படலாம், நீர் நிறைந்த மணல் என்றும் பொருள்படலாம். வரைந்தவரிடம் இரண்டு கேள்வியாவது கேட்ட பின்பே முடிவுக்கு வர வேண்டும். பெரிய வகுப்பில் இதற்கு நேரம் கிடைப்பது கடினம். மணல், பாறை போன்றவற்றின் நுண்வெளிகள் வழியாக நீர் ஓடும் அளவைக் கணிக்கும் டார்சி விதிக் கணக்குகளுக்கு எழுத்துத் தேர்வே ஏற்றது.

முதல் படத்துக்கு மதிப்பெண் தருவதில்லை. தந்தால் மாணவர் தாம் நினைப்பதை விட்டு, நான் எதிர்பார்ப்பதை வரையத் தொடங்கிவிடுவார். இரண்டாவது படமும் அதையொட்டிய உரையாடலும் மட்டுமே இன்டர்னல் மதிப்பெண்ணில் சேர்கின்றன.